முப்பதா, முப்பத்தொன்றா

பட்டியல் என் கணவருடையது.
சாத்தூரில் கிளம்பும் முன்பே
தீப்பெட்டி ஆபீஸ் கணக்குத்தாளின் முதுகில்
எழுதி மடித்து வைத்திருந்தார்:
கதாநாயகி நனைந்த கடற்கரைச் சாலை,
வில்லன் விழுந்த கோட்டைச் சுவர்,
க்ளைமாக்ஸ் கோர்ட்.
நடுவில் என் பிடுங்கல் தாங்காமல்
எலிஃபெண்டா குகை,
மாட்டுங்காவில் ஒரு காபி.

மெரின் டிரைவில் மழை இல்லை.
மார்ச் வெயில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது.
அக்கா மகன் ஆதிரன்
செல்போனில் படத்தை நிறுத்தி
கையை நீட்டி ஒற்றைக் கண்ணை மூடி
அந்தக் கட்டடத்தை இந்தக் கட்டடத்தோடு பொருத்தினான்.
"சித்தி, ரெண்டடி இடப்பக்கம்."
நகர்ந்தேன்.
"இன்னும் கொஞ்சம்."
அங்கே ஒருவர் துண்டை முகத்தில் போட்டுத்
தூங்கிக்கொண்டிருந்தார்.
கதாநாயகி நின்ற இடம்தான்.
எழுப்ப மனம் வரவில்லை.

வசாய் கோட்டையில்
வில்லன் விழுந்த சுவர் என் இடுப்புயரம்.
"இதுல விழுந்தா செத்தான்?"
ரயிலேறியதிலிருந்து அக்கா பேசிய
முதல் முழு வாக்கியம் அது.

மூன்று முகத்துக்கு முன்னால் நிற்கையில்
"இது எந்தப் படத்துல வருது?" என்றான் பையன்.
எதிலும் இல்லைடா.
"அப்ப சும்மா வந்தோமா?"
சும்மாத்தான்.
அக்கா மட்டும் நகரவில்லை.
பக்கவாட்டு முகத்துக்குக் கோபமா,
தூக்கக் கலக்கமா என்று
அவளுக்குத் தீர்மானமாகவில்லை.
படகு போய்விட்டது.
அடுத்ததற்குக் காத்திருந்த நேரத்தில்
குரங்கொன்று எங்கள் மாம்பழ ஜூஸை
ஸ்டிரா போட்டுக் குடித்தது.

கடைசி நாள் சாயங்காலம், கோர்ட்.
வெள்ளைத் தூண்கள், அகலப் படிகள்.
படத்தில் தீர்ப்பைக் கையில் பிடித்து
கதாநாயகன் இதில்தான் ஓடி வருவான்.
புறாக்கள் எழும். ஊரே தோளில் தூக்கும்.

அக்காவின் வழக்கு ஏழு வருஷம்.
பதினோரு பவுன், ஒரு மிக்ஸி, பையன்.
ஐம்பத்துமூன்று வாய்தா.
எங்கள் ஊர் கோர்ட்டுக்குப் படி மூன்றுதான்,
மூன்றாவது பெயர்ந்திருக்கும்.
தீர்ப்பன்று வக்கீல்
டீக்கடையில் போண்டாவைப் பிட்டுக்கொண்டே
"நமக்குத்தாம்மா" என்றார்.
நகலெடுக்கப் போனாள், கரண்ட் இல்லை.
பஸ் பிடித்து வந்து துவையல் அரைத்தாள்,
அம்மியில்.
மிக்ஸி இன்னும் அந்த வீட்டில் இருந்தது.

"யே கோர்ட் ஹை?"
என் கணவர் தனக்குத் தெரிந்த இந்தியைச் செலவழித்தார்.
காவலாளி சிரித்தார்.
இதையே தினம் பத்துப் பேர் கேட்பார்கள் போல.
"லைப்ரரி, சாப்."
டாக்ஸிக்காரன் ஏமாற்றியபோதுகூட
இவர் முகம் இப்படித் தொங்கவில்லை.

அக்கா அதற்குள் பாதி ஏறியிருந்தாள்.
கொசுவத்தை ஒரு கையில் பிடித்து,
மறு கையில் தண்ணீர் பாட்டில்.
உச்சிக்குப் போய்த் தூண் நிழலில் நின்றாள்.
"ஓடி வாம்மா! கையைத் தூக்கு!"
கீழிருந்து பையன் போனைப் பிடித்துக் கத்தினான்.
அவள் உதட்டில் விரல் வைத்தாள்.
"லைப்ரரிடா."

ஒவ்வொரு படியாக,
உதடு அசைய எண்ணிக்கொண்டே இறங்கினாள்.
புறாக்கள் இருந்தன.
பறக்கவில்லை,
கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டன.
யாரோ ஒரு கல்யாண ஜோடியின் போட்டோகிராபர்
எங்களை ஃபிரேமிலிருந்து விலகச் சொன்னான்.

"முப்பத்தொண்ணு" என்றாள் வந்ததும்.
"முப்பதும்மா, நானும் எண்ணுனேன்."
"போய் எண்ணு."
ஓடினான், வந்தான். முப்பது.

ராத்திரி தாதர் போகும் ரயிலில்
அவன் தோளில் சாய்ந்து தூங்கியபோது
போனை மெல்ல உருவி
அந்த வீடியோவைப் பார்த்தாள், சத்தமில்லாமல்.
முடிந்ததும் திரும்ப ஓட்டினாள்.
மஸ்ஜித், பைகுல்லா, பரேல்.
இறங்கும்போது என் காதருகே சொன்னாள்:
"முப்பத்தொண்ணுதான்.
நான் ரோட்டையும் சேர்த்து எண்ணுனேன்."