நாற்பத்தோரு விநாடி

லாடக்காரிக்கும் இரண்டு கைதான்.
இரண்டும் குதிரையின் காலைப் பிடித்திருக்கும்.
தொடைகளுக்கு நடுவே ஒரு குளம்பு,
வாயில் ஆறு ஆணி,
பின்பாக்கெட்டில் அடிக்கிற போன்.

யாரென்று கேட்டால் ஆணியை விழுங்கவேண்டும்.
எடுத்துப் பார்த்தால் உதை வாங்கவேண்டும்.
பதினோரு வருடம்
பாதிப் பிழைப்பை அடித்து ஓயவிட்டவள் நான்,
ஒரிசியா ஹ்ரின்கிவ், கனோரா, சஸ்காச்சுவான்.

கடைசியில் இன்டர்நெட் வழியே ஓர் எண் வாங்கினேன்,
மாதம் ஒன்பது டாலர்.
விற்றவன் ஒப்பித்த பதினேழு வசதிகளில்
முதல் குளிர்காலம் முழுக்க நான் பயன்படுத்தியது ஒன்றே:
அடிப்பது.

அப்புறம் ஒரு பனிப்புயல்.
மூன்று நாள் லாரியை எடுக்க முடியவில்லை.
லேப்டாப்பைத் திறந்துவைத்து
ஒவ்வொரு பொத்தானாக நோண்டினேன்.

ஒரே எண் லாரியிலும் அடுக்களையிலும் கொட்டகையிலும்
ஒன்றாய் அடிக்கட்டும் என்று வைத்தேன்.
கரண்ட் போனால் ரவுட்டர் சாகும்;
அது செத்தால் அழைப்பு செல்போனுக்குத் தாவட்டும்.
அவசர உதவிக்குப் பதிவான முகவரியைப் பார்த்தேன்:
ரெஜைனா, மூன்றாம் மாடி,
நான் விட்டுவந்த புருஷனின் வீடு.
எனக்கு மாரடைத்தால்
அவன் கதவைத்தான் தட்டியிருப்பார்கள்.
முதல் நாளே மாற்றியிருக்கவேண்டியது அது.

தெரியாத எண்களை வாசலிலேயே நிறுத்திப் பெயர் கேட்கச் சொன்னேன்.
புகைக்குழாய் சுத்தம் செய்கிறோம் என்று
தினமும் கூப்பிடுகிறவன்
பெயர் சொல்லக் கூச்சப்பட்டு வைத்துவிடுகிறான்.
ஞாயிறு நாலு மணிக்கு மேல் யாருக்கும் மணியடிக்காது,
ஈயோல்ஃப்சன் வீட்டைத் தவிர.
அங்கே ஒரு கிழட்டுக் குதிரைக்குக் குளம்பு வீங்கியிருக்கிறது.

பேசியதை எழுத்தாக்கியும் தருகிறது.
அதற்குக் குதிரை பழக்கமில்லை.
"குழம்பு பிளந்துவிட்டது, உடனே வா" என்கிறது.
"பின்னங்காலில் லாபம் கழன்றுவிட்டது" என்கிறது.
இரண்டாவது உண்மையென்பதால் நான் திருத்துவதில்லை.
வாயில் ஆணியோடு ஓரக்கண்ணால் படிக்க
அவ்வளவு போதும்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்,
நாற்பத்தோரு விநாடி.
எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு.
அழிக்கத்தான் போனேன்.
என்னவோ, காதில் வைத்தேன்.

துணி உரசல். ஒரு வாளி.
சுருதியில்லாமல் யாரோ அடிக்கும் சீழ்க்கை.
பிறகு சிமெண்டில் நடை:
டக், டக், டக், டடக்.
டக், டக், டக், டடக்.

ஆணி தளர்ந்த லாடம்
தரையை ஒரு தரம் தொட்டு,
மறந்துவிட்டது போல இன்னொரு தரம் தொடும்.
எண்ணைப் பார்த்தேன். டெல்மர் கெஷேன்.
அவனிடம் லாடம் கட்டியது ஒன்றே ஒன்று,
மற்றதெல்லாம் வெறுங்கால்.

"உன் பழுப்புக் குதிரைக்கு ஒரு லாடம் ஆடுகிறது.
எந்தக் கால் என்று என்னைக் கேட்காதே."
"நான் உன்னைக் கூப்பிடவே இல்லையே."
"உன் பாக்கெட் கூப்பிட்டது."

பூட்ஸ் சத்தம். ஒரு முனகல்,
அவனுடையதா குதிரையுடையதா தெரியவில்லை.
"இரண்டு ஆணி," என்றான் திரும்பி வந்து.
"நீ இப்போது எங்கே நிற்கிறாய், ஒரிசியா?"
"அடுக்களையில். உருளைக்கிழங்கு உரிக்கிறேன்."

இப்போதெல்லாம் டெல்மர் பேசுவதே இல்லை.
மாதத்தில் ஒருநாள் போனைக் கொட்டகைத் தரையில் வைத்துவிட்டு
குதிரையை நடத்துகிறான்.
பெட்டி மூன்று நிமிடம் கொள்ளும்.
எழுத்தில் எப்போதும் கோடுதான்.
எதையும் அழிப்பதில்லை, தேதியோடு தனியே வைத்திருக்கிறேன்;
பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டால்
தேய்மானம் தெரிகிறது.

நேற்று ஒன்று வந்தது.
நாலு அடியும் சுத்தம்.
நாலும் நாலும் நாலும்.
மறுபடி ஓட்டிக் கேட்டேன்.

சீழ்க்கை இல்லை.

உடனே கூப்பிட்டேன்.