இருபது சதுரம்

முதலில் மூங்கில் போட்டேன்.
மலை, மூடுபனி, சிவப்பு முத்திரை, ஒரு கொக்கு.
சீனச் சாப்பாட்டுக்கடை மெனு மாதிரிக் கிடக்கு என்றான் வசீகரன்,
ஆஸ்பத்திரி வீதி அச்சகத்தில்
மஞ்சள் மை முடிந்துபோன ஒரு மத்தியானம்.

கொக்குவில் பள்ளிக்கூட மண்டபம். ஒன்பது நாள் இருந்தது.
கவிதை ஒன்றுதான். அனுப்பியவர்
பொருளை மட்டும் தமிழில் குறித்திருந்தார்:
இரவு. காத்திருப்பு. யாரும் வரவில்லை.
இதற்கு நாலு வரி, வரிக்கு ஐந்து எழுத்து,
எல்லாம் ஒரே அளவுச் சதுரம்.

நம் எழுத்து அப்படியா?
'ர' ஒற்றைக்காலில் நிற்கும்,
'ணை' பந்தியில் இரண்டு இலைக்கு இடம் பிடிக்கும்.
தமிழைப் பெரிதாக்கினால் கூச்சல்,
சிறிதாக்கினால் மருந்துச் சீட்டு.

பதின்மூன்றாவது எழுத்தில் கை நின்றது.
இரட்டைக் கதவு, சாத்தியிருக்கிறது.
கீழே, நடுவில், நிலா.
அகராதி சொன்னது: இடைவெளி.

மூங்கிலை அழித்தேன். கொக்கையும், பாவம்.
அந்த ஒன்றை மட்டும் கறுப்புப் பலகையில்
ஆளுயரத்துக்கு ஓட்டையாய் வெட்டி,
உள்துண்டுகள் உதிராமல் நரம்பு விட்டு,
மேற்கு வாசலில் நிறுத்தினோம்.
ஐந்தேகால் வெயில் சீமெந்துத் தரையில் எழுதியது.

கதிரை இறக்க வந்த லான்ட்மாஸ்டர் அன்ரன்
செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி நடந்தார்.
"இது எங்கட படலையெல்லே.
இடுக்காலை நிலவு விழுகுது.
உள்ளுக்கை ஆரோ முழிச்சிருக்கினம்."
பக்கத்தில் ஒட்டிய விளக்கத்தை அவர் வாசிக்கவேயில்லை.
பிறகு நானே அதைப் பிய்த்தெடுத்தேன்.

கண்காட்சி நாளில் மழை.
ட்யூப்லைட்டில் எல்லாம் வெறும் ஓட்டை.
நூற்றுப்பத்துப் பேர் வந்து வடை தின்று போனார்கள்.

திங்கட்கிழமை ஒரு மரண அறிவித்தல்.
கைதடி, எண்பத்தொரு வயது,
படம், குத்துவிளக்கு, பதினேழு உறவுப்பெயர்.
பூவை எடுத்துவிட்டு
பெயரைச் சுற்றி நாலு விரல் வெறுமையாய் விட்டேன்.
ரொறொன்ரோவிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில்:
"முழுத் தாளுக்குக் காசு அனுப்பினனான்.
ஏன் இவ்வளவு இடம் சும்மா கிடக்கு?"

"அம்மாவின்ர பேருக்கு" என்று மட்டும் எழுதினேன்.
'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது,
போனது, வந்தது.
வசீகரன் ஒன்பது மணிக்கு
ஷட்டரைப் பாதிவரை இழுத்துவிட்டு நின்றான்.
ஒன்றும் வரவில்லை.