முறைப் பாசனம்

மாற்றலாகிப் போன ரெஜினா மேடம்
கோரையாற்றுத் தலைப்பு அலுவலகத்தில் விட்டுப்போனது
ஒரு குடை, பங்குனியோடு நின்ற காலண்டர்,
ஊதா அந்துப்பூச்சிகள் உட்கார்ந்த ஒரு தொட்டி.
பூச்சியில்லை, ஆர்க்கிட் பூ என்று தெரிய
கண்ணாடி போட வேண்டியிருந்தது எனக்கு.

இருபத்தாறு வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கிய கை.
தண்ணீர் விட்டால் பிழைக்கும்,
அதைத் தவிர இதற்கு என்ன தெரியும்?
காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு.
போதாதென்று மரப்பட்டையைக் கொட்டிவிட்டு
ஆற்று வண்டலை அள்ளி அமுக்கினேன்.
முப்போகம் தந்த மண், யாருக்குக் கசக்கும்?

பதினோராம் நாள் அடியிலை மஞ்சள்.
வருகைப் பதிவேட்டின் மேல்
ஒவ்வொன்றாய் விழுந்தன பூக்கள்.
வேரைத் தொட்டேன்,
ஊறிய வைக்கோலாய்த் தோல் கழன்று வந்தது.

போனில் மேடம் திட்டவில்லை.
"நாடிமுத்து, நட்ட பயிர் மூழ்கி
நாலு நாள் தண்ணி வடியலேன்னா?"
"அழுகும் மேடம்."
"அதேதான். அது மரத்துல தொத்தி வாழ்றது.
வேர் மூச்சு விடணும்."

பிளேடைத் தீயில் காட்டி அழுகலை அறுத்தேன்.
மிஞ்சியது மூன்று வேர்.
டீக்கடைக் கரி, உவர் போக ஊறவைத்த மட்டைத் துண்டு,
பழுத்த கம்பியால் தொட்டிக்கு ஒன்பது ஓட்டை.
கிழக்கு ஜன்னல். ஒன்பது மணி வெயில் சுடாமலிருக்க
பழைய பாசன வரைபடத்தைத் திரையாக ஒட்டினேன்;
வெண்ணாறு முழுக்க வெளிச்சம்.

வேர் பச்சையாயிருந்தால் கையைக் கட்டிக்கொள்.
வெள்ளியாய் வெளுத்தால் ஊற்று, முழுக்க வடியவிடு.
குருத்தில் தங்கிய சொட்டைத்
துண்டு நுனியால் ஒற்றி எடு.
இவ்வளவுதான். இதற்கு எனக்கு ஒரு வருஷம்.

ஆனியில் தண்ணீர் வந்ததும் வாசலில் கூட்டம்:
"இன்னும் ரெண்டு பல்லு ஏத்துங்கண்ணே."
உத்தரவில்லை என்று சொல்லிவிட்டு
உள்ளே வந்து வேரைப் பார்ப்பேன்.
பச்சை. அதற்கும் இன்றில்லை.

"செத்த செடிக்கு எதுக்கு ஜன்னல்?" என்றான்
புதிதாய் வந்த கிளார்க் இதயதுல்லா.
பூ உதிர்ந்தது சாவு இல்லை என்றேன்.
நம்பிச் சொன்னேனா, தெரியவில்லை.

மார்கழி இரவுகளில் ஜன்னலை மூடவில்லை.
குளிர் கொஞ்சம் பட வேண்டுமாம்.
தையில் இலையிடுக்கில் ஒரு பச்சை முனை.
உருண்டிருந்தால் வேராம்,
ஒருபக்கம் மடிந்திருந்தால் பூத்தண்டாம்.
கண்ணாடி போட்டும் பிடிபடவில்லை.

அந்த வாரந்தான் மேட்டூரை மூடினார்கள்.
கடைசி ஷட்டரை இறக்கிவிட்டு வந்தேன்.
கீழே மணல் தெரிந்தது.
வேர் வெளுத்திருந்தது.
ஒரு சொம்பு ஊற்றி
வடியும்வரை நின்றேன்.