மூன்றாவது குழாய்

நான்கு தொலைபேசிக் கம்பிகள் நிலவறைக்குள் இறங்குகின்றன.
வாஷிங் மெஷினுக்கு மேலே, நான்கு மோடம்கள்.
அழைக்கிறவர்கள் என் பலகைக்குள் வந்து
வம்பளந்து, சதுரங்கம் ஆடி, போய்விடுகிறார்கள்.
நிரல்கள் முகம் காட்டாமல் ஓடுகின்றன.
நடத்துகிறவள் நான், எனக்கே ஒன்றும் தெரிவதில்லை.

அதனால் கம்பிக்கு ஒன்றாகக் குழாய் வைத்தேன்.
இரும்பு இல்லை, ஈயம் இல்லை.
வட்டில் ஒரு பெயர். அவ்வளவுதான்.
இந்த முனையில் பலகை எழுதும்,
அந்த முனையில் என் திரை வாசிக்கும்.
வாசித்ததும் போயிற்று. குழாயில் எதுவும் தங்காது.

டிம்மின்ஸில் அன்று மைனஸ் முப்பத்தாறு.
யூக்ளிட் தெரியோ புகார் எழுதியிருந்தார்:
*மூன்றாவது லைன் நள்ளிரவுக்கு மேல் உறைந்துபோகிறது,
ஒடெட், அதற்கும் ஒரு ஹீட்டர் வை.*

கம்பியை மாற்றினேன். மோடத்தை மாற்றினேன்.
மூன்று இரவு கழித்துத்தான் புரிந்தது:
பன்னிரண்டுக்கு நான் திரையை மூடிவிட்டுத் தூங்கப் போகிறேன்.
குழாய்க்கு வாய் அடைபடுகிறது.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்து வரை பொறுக்கும்,
பிறகு எழுதுகிறவனைப் பிடித்து நிறுத்திவிடும்,
யாராவது வாசிக்கும் வரை.

சோதிக்கத்தான் திறந்தேன், ஒன்றேகாலுக்கு.
அடைபட்டதெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது.
சட்பரியில் இருக்கும் மகளுக்குக் கடிதம்.
பனி டயர் மாற்றினாயா என்கிறார். அழிக்கிறார்.
நாய்க்கு மூட்டுவலி என்கிறார். அது இருக்கிறது.
பிறகு

உன் வயலின் திருட்டுப்போகவில்லை. நான்தான் விற்றேன்
நான்தான் விற்
நான்தான்
நான்

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.
பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு தட்டலும்
ஓர் எழுத்தாகத்தான் குழாயில் வருகிறது;
அழிப்பதையும் அனுப்பித்தான் ஆக வேண்டும்.
அஞ்சல் கோப்பில் அது இராது. பதிவேட்டில் இராது.
வாசித்த குழாயிலும் இல்லை.
மிச்சம் நான்.

உரையாடல் விசையில் விரல் வைத்தேன்.
அழுத்தினால் அவர் திரை இரண்டாகப் பிளந்து
கீழ்ப்பாதியில் நான் இருப்பேன்.
மேலே உலர்த்தி ஓடி முடிந்து மணி அடித்தது.
துண்டுகளை மடிக்கப் போனேன்.
திரையை மூடவில்லை. மூடினால் அவர் நின்றுபோவார்.
முதுகைக் காட்டிக்கொண்டு மடித்தேன், பதினொரு துண்டு.

விடிவதற்குள் இரண்டு வரி சேர்த்தேன் நிரலில்:
மறுமுனையில் ஆள் இல்லையென்றால்
கொட்டிவிட்டுப் போ, காத்திருக்காதே.

வியாழனன்று ஒரு குறிப்பு:
*இப்போது உறைவதில்லை. என்ன செய்தாய்?*

பார்த்தேன் என்று தட்டினேன். அழித்தேன்.
சட்பரிக்கு பஸ் ஆறு மணிக்கு என்று தட்டினேன். அழித்தேன்.
கம்பி பழசு, மாற்றிவிட்டேன்
என்று அனுப்பினேன்.