ஐந்நூற்றெண்பது வோல்ட்

அத்தான் ஞானரூபன் பேர்ணிலிருந்து கொண்டுவந்தது
இரண்டு ஹெட்போன், இரண்டு அம்ப்ளிஃபயர்.
பரந்தனில் எங்கள் சாப்பாட்டு மேசையில்
புட்டுக்குழலைத் தள்ளிவைத்து அடுக்கினார்.
"காந்தம் இல்லை. கம்பிச்சுருள் இல்லை.
துளைபோட்ட தகடு ரெண்டு,
நடுவில ஒரு படலம்.
தலைமயிரை நெடுக்காய் அம்பது தரம் கீறினா வருமே, அந்தத் தடிப்பு.
அதில ஐந்நூற்றெண்பது வோல்ட்
ஓடாமல் நிக்கும்."

நான் கையைப் பின்னுக்கு எடுத்தேன்.
வேலைப் பழக்கம்.

விலையையும் சொன்னார். மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்:
என் சம்பளத்தில் பத்தொன்பது மாதம்,
சாப்பிடாமல்.

வால்வ் சூடாகப் பத்து நிமிடம் வேண்டுமாம்.
அதற்குள் ஒரு பல்லி வந்து
அதன் ஓரத்தில் வயிற்றை வைத்தது.

யாரோ ஒருத்தியின் வயலின்.
வால்வில் அவள் பக்கத்து வீட்டுப் பாயாசம்போல வந்தாள்,
இனிப்பாக, ஓரம் இல்லாமல்.
ட்ரான்சிஸ்டரில்
வில்லில் பூசிய குங்கிலியம் உதிர்வது கேட்டது,
கதிரை ஒருதரம் முனகியது,
வாசிக்க முதல் அவள் மூக்கை உறிஞ்சினாள்.
வட்ட ஹெட்போன் தள்ளி நின்று கதைத்தது.
சதுரமானது தோளில் கைபோட்டது.

"பாஸ் எப்பிடி? மேடை அகலமா?"
கொப்பியும் பேனையுமாக அத்தான்.

எனக்கு மேடை தெரியாது.
காலை ஆறரைக்கு முகமாலையில்
இரும்பு காட்டும் கருவியோடு
ஒரு சாண், பிறகு இன்னொரு சாண்.
ஆணிக்கு ஒரு குரல். சன்னத்துக்கு வேறு.
சோடா மூடி
பொய் சொல்கிற பிள்ளைபோல உயர்ந்து உடையும்.
ஆனால் முழங்காலை நாங்கள் வைப்பது
குரல் வராத இடத்தில்.
எட்டு வருடமாக நான் காது கொடுப்பது அதற்குத்தான்.
ஒருமுறை ரதிமலரின் ஹெட்போனில்
இடப்பக்கம் சின்ன இரைச்சல்.
அன்று அவளுடைய வரிசையையே நிறுத்தினோம்.
அந்த இரைச்சலுக்குக் கீழே என்னவும் படுத்திருக்கலாம்.

"பாட்டை நிப்பாட்டுங்கோ அத்தான்."
"நிப்பாட்டினா எதைக் கேப்பீர்?"
"நிப்பாட்டினதை."

சிரித்தார். ஆனாலும் மாற்றி மாற்றிப் பூட்டித் தந்தார்,
நாலு விதமாக, ஒன்றும் போடாமல்.
வால்வுக்கு அடியில்
தூரத்தில் ஓர் அரிசி ஆலை ஓடிக்கொண்டிருந்தது.
ட்ரான்சிஸ்டரில்
வாளி கிணற்றுக்குள் இறங்குகிறது,
இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.
யாழ்ப்பாணம் போகும் ரயில் கடந்தபோது
இரண்டு அம்ப்பும் மேசையோடு சேர்ந்து நடுங்கின,
பல்லி மட்டும் அசையவில்லை.

பிறகு மழை பிடித்தது.
சதுர ஹெட்போன் என் தலையில்,
அதே வெறுமை, அதே கிணறு.
ஆனால் இடப்பக்கக் கிணறு மாறிவிட்டது.
"இடது செத்துப்போச்சு," என்றேன்.
"பாட்டே போகேல்லை, எப்பிடித் தெரியும்?"

எப்படிச் சொல்வது?
ஒன்றும் இல்லாததால் வரும் அமைதி ஒன்று,
கேட்கிறது செத்ததால் வருவது இன்னொன்று.
வேலையில் அடிக்கடி
தெரிந்த இரும்புத்துண்டு ஒன்றைக் கருவிக்குக் காட்டுவோம்,
"இருக்கிறேன்" என்று அது கத்தும்வரை.
கத்தாவிட்டால்
அதுவரை வந்த நிலம் முழுக்கத் திரும்பவும்.

வயலினைப் போட்டார்.
வலப்பக்கம் மட்டும் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

மாரி ஈரம். படலத்தில் நின்ற வோல்ட் கசிந்துவிட்டதாம்.
பேர்ணில் இப்படி நடப்பதே இல்லையாம்.
முகம் வெளுத்துப்போய்
அதைச் சேலைத் துண்டில் சுற்றி
அரிசிப் பெட்டிக்குள் புதைத்தார்.
கொப்பியில் நான் பார்த்த கடைசி வரி:
"மேடை: ?"

விடிய நாலரைக்கு
அம்மா சுண்டோடு போய் அரிசி அள்ளினாள்.
சுண்டு எதிலோ தட்டியது.
அடுத்த அறையில் படுத்திருந்த எனக்குக் கேட்டது:
ஆணி இல்லை.
சன்னமும் இல்லை.