படர்க்கை ஒருமை

வியாழன் மாலை ஆறரை. கிரிம்ஸ்பி நூலகத்தின் மாடி.
வெந்நீரில் மூன்று முறை கழுவி வந்தும்
ஹாடக் மீன் வாடை எங்கள் பென்சில்களில்.
ஹீட்டர் பாதிதான் வேலை செய்கிறது.
மீதிப் பாதிக்காக யாரும் கோட்டைக் கழற்றுவதில்லை.

பெவர்லி பலகையில் எழுதுகிறாள்:
ஐ வொர்க். யூ வொர்க். வீ வொர்க். தே வொர்க்.
பிறகு ஹீ, ஷீ, இட். மூன்றையும் வட்டமிட்டு
வினையின் வாலில் ஓர் எஸ் மாட்டுகிறாள்,
தூண்டில்முள் போல வளைந்த எஸ்.

"இவங்களுக்கு மட்டும் ஏன்?" என்றான் அனிசெட்டோ.
முப்பது வருடம் தபால் அலுவலகத்தில் இருந்தவள்,
தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியவள்.
"தெரியாது கண்ணு. போடாவிட்டால் காதில் இடறும், அவ்வளவுதான்."

எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.
நான் இங்கே இருக்கிறேன். நீ எதிரில் இருக்கிறாய்.
கூட்டமாகப் போனவர்களுக்கும் ஒருவர்க்கொருவர் துணை.
ஒற்றையாய் இல்லாமல் போனவனைத்தான்
முள் போட்டுப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது.
(என் திக்ரின்யாவில் வினை பிறக்கும்போதே
ஆளையும் இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பிறக்கும்.
எனவே என் பேச்சை நம்ப வேண்டாம்.)

அன்று இல்லாதவன் ரிம்விதஸ்.
மூன்று வாரமாக அவன் நாற்காலியில் எங்கள் குடைகள்.
ஆகவே பயிற்சி முழுக்க அவன் தலையில்.
ரிம்விதஸ் லைக்ஸ் டீ.
ரிம்விதஸ் டிரைவ்ஸ் எ ரெட் கார்.
பொய். அவனிடம் இருப்பது சைக்கிள், அதற்கும் பிரேக் இல்லை.
ஹேஸ் பழகுவதற்காக அனிசெட்டோ
அவனுக்கு நான்கு மனைவிகளைக் கொடுத்தான்.
ஜன்னல் அதிரச் சிரித்தோம்.

அடுத்தது யூராத்தே. அவன் தங்கை.
ரிம்விதஸ், கோடிட்ட இடம், எயிட் அவர்ஸ்.
நிரப்ப வேண்டிய சொல்: ஸ்லீப்.
ஓர் எஸ் போட்டால் வேலை முடிந்தது.
பென்சிலைக் கீழே வைத்தாள்.
"டஸ் நாட்," என்றாள். "டஸ் நாட் ஸ்லீப்."

எதிர்மறை அடுத்த வாரப் பாடம்.
இறந்தகாலம் ஈஸ்டருக்குப் பிறகு.
அதனால் கையில் இருந்த நிகழ்காலத்திலேயே சொன்னாள்,
ஒவ்வொரு சொல்லாக, எலும்பு பார்த்து மீன் தின்பவளைப் போல:
மெஷின் ஸ்டாப்ஸ்.
ஹீ புட்ஸ் ஹேண்ட்.
மெஷின் ஸ்டார்ட்ஸ்.

ஓர் எஸ்கூடத் தவறவில்லை.
இயந்திரத்துக்கும் அவனுக்கும் ஒரே வால்.
பெவர்லியிடம் திருத்த எதுவும் இருக்கவில்லை.
பலகையைத் துடைத்தாள். பிறகு
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மார்ச் முதல் வாரம் வந்து நின்றான்,
இடக்கை வெள்ளைப் பொதியாய், குடைகளை என்ன செய்வதென்று பார்த்தபடி.
"ரிம்விதாய்!" என்று கத்தினாள் யூராத்தே.
"பெயரில் இருந்த எஸ் எங்கே?" என்றாள் பெவர்லி.
"நேரில் கூப்பிட்டால் விழுந்துடும். எங்க ஊர் இலக்கணம்."
அவன் உட்கார்ந்தான்.
ஹௌ டு யூ ஃபீல், ரிம்விதஸ்?
ஐ நீட் டீ.
நான்கு மனைவிகளைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

என் வீட்டுப்பாடம் திரும்பி வந்தது. பத்துக்கு ஒன்பது.
ஏழாம் வாக்கியத்தில் சிவப்பு வட்டம்:
மை சன் லிவ் இன் கஸ்ஸாலா.
"அப்ரெஹெத், இது உனக்குத் தெரியுமே?"

தெரியும்.
மீன் பெட்டிகளை எண்ணும்போதுகூட முணுமுணுக்கிறேன்,
லிவ்ஸ், கிவ்ஸ், லீவ்ஸ்.
இந்த ஒன்றில் மட்டும் முள் மாட்டக் கை வரவில்லை.
மாட்டாவிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம்
பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"கேர்லெஸ்," என்றேன்,
அதன் கடைசி எஸ்ஸைச் சரியாக உச்சரித்து.
ஒன்பதாம் எண் பஸ் எட்டு பத்துக்கு.
படியில் இறங்கும்போது அனிசெட்டோ கேட்டான்,
இந்த பஸ் வருமா, வராதா?
இட் கம்ஸ், என்றேன்.