சேருமிடம்

கல்லுக்கட்டிக்கு மேற்கே, மாடியில் எங்கள் டிராவல்ஸ்.
நாற்பத்திரண்டு பைகள், நாற்பத்திரண்டு சீட்டுகள்.
பெயர், பாஸ்போர்ட் எண், சேருமிடம் என்று
மார்க்கர் பேனாவால் எழுதுகிறவள் நான், ஜைத்தூன்.

எழுத எழுத ஊர்ப்பெயர்கள் தோலுரித்துக்கொள்ளும்.
மக்காவுக்கு வேதத்தில் பக்கா என்றும் பெயர்.
மில்காரர் மகளுக்குப் பக்கா என்றால்
அரிசி அளக்கும் படி.
அரபியில், நெருக்கித் தள்ளும் கூட்டம் என்கிறார்கள்.
இல்லை, அழுகை என்கிறார்கள்.
சந்தை நாளில் காரைக்குடி பஸ் ஏறியவளுக்கு
இரண்டும் ஒன்றுதான்.
அரஃபாத்துக்குள் அறிதல் இருக்கிறது,
முஸ்தலிஃபாவுக்குள் நெருங்குதல்.
மினாவில் ஆசை என்பாரும் உண்டு,
சிந்திய ரத்தம் என்பாரும் உண்டு.
அகராதிகள் அடித்துக்கொள்ளட்டும்.
எனக்கு எழுத்துப்பிழை வராமல் இருந்தால் போதும்.

முப்பத்தொன்பதாவது பை
அண்ணன் பீர்க்கனியுடையது.
புதுவயல் மில்லில் அத்தாவின் பாகத்தைப் பிரித்தெழுதி
என் பெயரை மட்டும் விட்டுவிட்ட கை
பையின் வாரைப் பிடித்திருந்தது.
தாடி புதிது.
ஒன்பது வருடம் கழித்து,
"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதைப் பொறுத்துக்க" என்றான்.
பத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்த வாய்.
எனக்கும் அதே சுதி.

மதீனாவின் பழைய பெயர் யத்ரிப்.
அதன் வேரில் பழிசொல் இருக்கிறது என்பார்கள்.
நபி வந்திறங்கியதும் அது தைபா ஆனது:
நல்லது, மணமுள்ளது.
கிணற்றில் போட்ட அண்ணன்மாரிடம்
யூசுஃப் சொன்னதிலும் அந்த வேரே:
இன்று உங்கள்மீது பழி இல்லை.
இன்று என்றார். கவனித்திருக்கிறேன்.
அப்போது களஞ்சியச் சாவி அவரிடம் இருந்தது.
என்னிடம் இருப்பது
மை தீரப்போகிற ஒரு பேனா.

சேருமிடம் இன்னும் காலி.
மதீனா என்றால் என்ன,
ஒளி, சிறப்பு என்ற அடைமொழிகளைக் கழற்றிவைத்தால்
வெறும் ஊர்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்
ஊருக்குப் போறேன் என்கிறோமே,
எந்த ஊர் என்று அவரும் கேட்பதில்லையே,
அந்த ஊர்.

"ஊருக்குப் போய்ட்டு வா" என்றேன்.
"வந்ததும் கணக்குப் பாப்போம்."
அவன் சிரிக்கவில்லை, தலையாட்டினானா என்பதையும்
நான் பார்க்கவில்லை.
குனிந்து
சீட்டு அறுந்துவிடாதபடி
இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பதாவது பைக்கு
ஒரு சக்கரம் உடைந்திருக்கிறது.
யாருடையது என்று கீழே கேட்டுவிட்டு வர வேண்டும்.